கைவிடப்பட்ட வைத்தியசாலைகளில் கிடக்கும் பழைய மருத்துவக் கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்து வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைக் கூடத்தின் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால், பாழடைந்த விடுதிகளிலும் பூட்டிக்கிடந்த களஞ்சிய அறைகளிலும் எடுத்த படங்களைப் பலர் என்னிடம் காட்டி, "இது எதற்கு?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே பொருட்கள், அதே ஐயங்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தந்திருக்கிறேன்.

திருகோணமலையில் இவ்வளவு பழைய சாமான்கள் எப்படி வந்து சேர்ந்தன?

ஒரே வழியில் வரவில்லை. திருகோணமலை 1957ஆம் ஆண்டு வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. கடற்படைக்கெனத் தனி வைத்தியசாலையும் இருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய காலத்தில் இங்கிருந்த மருத்துவ ஏற்பாடுகள் ஒரு சிறு நகரத்தின் தேவையை விடப் பெரியவையாக இருந்தன. அந்தக் காலத்துப் பொருட்களில், ஒரு முனையில் கூடும் மூன்று கோடுகளாலான அம்புக்குறி பொறிக்கப்பட்டிருக்கும். அது பிரித்தானிய அரச உடைமையின் அடையாளம். கத்தரிக்கோலின் பிடி, எனாமல் தட்டின் அடிப்புறம், பெட்டியின் பூட்டுத் தகடு ஆகிய இடங்களில் அதைத் தேடிப் பாருங்கள்.

மற்றவை சுகாதாரத் திணைக்களத்தின் வழியாகக் கிராமத்து மருந்தகங்களுக்கும் பிரசவ விடுதிகளுக்கும் வந்தவை. பிந்திய உள்நாட்டுப் போர்க்காலத்தில் மக்கள் இடம்பெயர்ந்தபோது சில கட்டடங்கள் உள்ளே இருந்தவற்றோடு கைவிடப்பட்டன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கிண்ணியா வைத்தியசாலையை அழித்தது. அதன் பின்னர் பல நாடுகளிலிருந்து நன்கொடையாக வந்து குவிந்த இயந்திரங்கள் இன்னொரு தொகுதி. அவற்றைப் பற்றித் தனியே கீழே எழுதியிருக்கிறேன்.

ஒரு கருவியைப் பார்த்ததும் அது எதற்கென்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

உருவத்தைப் பார்த்து ஊகிப்பதை நான் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். முதலில், உடலைத் தொடும் பகுதி எது என்று பார்ப்பேன். அது வழவழப்பாக வளைந்திருந்தால் உடலின் உட்புறத்திலோ தோலின் மேலோ வைக்கப்பட்டது. கூராக இருந்தால் வெட்டவோ துளைக்கவோ. பற்கள் இருந்தால் பிடித்து நிறுத்த. அடுத்து, குழாயோ கம்பியோ எங்கிருந்து எங்கே போகிறது என்பதைப் பின்தொடர்வேன். நீர், காற்று, நீராவி, வாயு, மின்சாரம் ஆகியவற்றுள் எது அதற்குள் ஓடியது என்று தெரிந்துவிட்டால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும். மூன்றாவதாக, அதை எப்படிச் சுத்தம் செய்திருப்பார்கள் என்று யோசிப்பேன். கொதிநீரில் போடக்கூடியது நோயாளியின் உடலுக்குள் சென்றிருக்கலாம். மரமும் தோலும் கலந்து செய்தது உடலுக்குள் சென்றிருக்காது. அது மிகப் பழைய காலத்துக் கருவியாக இருந்தால் மட்டுமே இதற்கு விலக்கு.

இவற்றை விட முக்கியமான சாட்சி, அது கிடந்த அறையும் அருகில் கிடந்தவையும். பிரசவ அறையில் கிடந்த இடுக்கியும் பல் வைத்திய அறையில் கிடந்த இடுக்கியும் தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரியலாம். அதனால்தான் எதையும் இடம் மாற்றாமல், முதலில் அறை முழுவதையும் படமெடுக்கும்படி எல்லோரையும் வற்புறுத்துகிறேன். துடைத்து மினுக்கி மேசையில் வைத்து எடுத்த அழகான படத்தில், எனக்கு வேண்டிய செய்தி பெரும்பாலும் போய்விட்டிருக்கும்.

பக்கமெல்லாம் ஓட்டை போட்ட வட்டமான உலோகப் பேணி, மூடியும் கொக்கியும் உண்டு. சமையலறைச் சாமானா?

அல்ல. அதை ஆஸ்பத்திரியில் 'ட்ரம்' என்றே சொல்வோம். பஞ்சு, துணிக்கட்டு, சத்திரசிகிச்சை அங்கி, கையுறை ஆகியவற்றை உள்ளே அடுக்கி, நீராவி அழுத்தக் கலனில் வைத்துக் கிருமிநீக்கம் செய்வதற்கான பாத்திரம். சுற்றிலும் உள்ள ஓட்டைகளின் மேல் ஒரு உலோகப் பட்டி வழுக்கி நகரும். கலனுக்குள் வைக்கும்போது பட்டியை நகர்த்தி ஓட்டைகளைத் திறந்துவிட்டால் நீராவி உள்ளே புகும். வெளியே எடுத்தவுடன் பட்டியை மறுபடி இழுத்து மூடிவிட்டால், திறக்கும் வரை உள்ளிருப்பவை கிருமியின்றி இருக்கும். 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில், சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அழுத்தத்தில், 15 நிமிடம் என்பது அடிப்படைக் கணக்கு. துணி நிறைந்த ட்ரம்முக்கு அதைவிடக் கூடுதல் நேரம் கொடுப்போம்.

கையில் கிடைத்தால் பட்டி எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். மூடிய நிலையில் கறள் பிடித்து இறுகியிருந்தால், அடுத்த சத்திரசிகிச்சைக்கென ஆயத்தமாக வைக்கப்பட்டு, பிறகு ஒருவரும் திறக்காத ட்ரம்மாக அது இருக்கக்கூடும். உள்ளே சிறு கண்ணாடிக் குழாய் ஒன்றில் சிவப்பு அல்லது பச்சைத் திரவம் இருக்கலாம். வெப்பம் போதிய அளவு, போதிய நேரம் கிடைத்ததா என்று காட்டும் சோதனைக் குழாய் அது. சிவப்பு பச்சையாக மாறினால்தான் நாங்கள் நம்பி எடுத்துக் கொடுப்போம்.

வெள்ளை எனாமல் பாத்திரங்கள் விதவிதமாகக் கிடக்கின்றன. எல்லாம் ஒன்றா?

இல்லை. அவரை விதை வடிவில் வளைந்த தட்டு, காயத்திலிருந்து வடிவதையும் கழற்றிய கட்டுகளையும் ஏந்துவதற்கு. உட்குழிவான பக்கம் உடலோடு ஒட்டிப் பொருந்தும் என்பதாலேயே அந்த வளைவு. மூக்கு வைத்த சிறு கிண்ணம், எழுந்திருக்க முடியாத நோயாளிக்குப் பால், கஞ்சி ஊட்ட. அடியில் குழாய் வாய் வைத்து, சுவரில் மாட்டக் காதும் உள்ள உயரமான கலம், இறப்பர்க் குழாய் பொருத்தி உடலின் உட்புறத்தைக் கழுவ. மூடியுள்ள குவளை, காசநோயாளி சளி துப்புவதற்கு.

மரத்தாலான சின்ன ஊதுகுழல் மாதிரி ஒன்று. விளையாட்டுச் சாமானோ?

கருவிலுள்ள குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் குழல் அது. பிரான்ஸ் நாட்டு மகப்பேற்று மருத்துவர் அடோல்ஃப் பினார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியது. அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அகன்ற வாயைத் தாயின் வயிற்றில் வைத்து, தட்டையான முனையில் காதை அழுத்தி, கையை எடுத்துவிட்டுக் கேட்க வேண்டும். கை பட்டால் உராய்வு ஒலி வரும். மரத்திலும் அலுமினியத்திலும் செய்யப்பட்டது. மின்சாரமோ மின்கலமோ வேண்டாம் என்பதால், மருத்துவிச்சிகள் கைப்பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் செல்ல ஏற்றதாக இருந்தது. அம்மம்மாமாரின் காலத்தில் வீட்டுப் பிரசவங்களுக்கு வந்த பையில் இதுவும் இருந்திருக்கும். அப்படியொரு பை உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.

கண்ணாடி ஊசிக்குழல்களில் இலக்கம் எழுதியிருக்கிறதே, அது நோயாளியின் இலக்கமா?

குழலுக்கும் அதன் தண்டுக்கும் உரிய சோடி இலக்கம். கண்ணாடியைக் கண்ணாடியோடு தேய்த்துப் பொருத்திச் செய்ததால், ஒன்றின் தண்டு இன்னொன்றுக்குள் சரியாகச் செல்லாது, அல்லது மருந்து கசியும். கொதிக்க வைக்கும்போது கழற்றிப் போட்டு, எடுத்தபின் இலக்கம் பார்த்துச் சேர்ப்பார்கள். ஊசிகளும் ஒருமுறை குத்தி எறிபவை அல்ல. உள்ளே மெல்லிய கம்பி செருகி அடைப்பை நீக்கி, மழுங்கியவற்றைக் கல்லில் தீட்டி, மறுபடி கொதிக்க வைத்தார்கள். ஊசிப் பெட்டியோடு ஒரு சிறு தீட்டுக்கல் கிடப்பதன் காரணம் அதுதான்.

மரப்பெட்டியைத் திறந்தால் இரண்டு கண்ணாடிப் போத்தல்கள், குழாய்கள், அளவுகோல். சாராயம் வடிக்கும் ஏற்பாடு என்கிறார்கள். உண்மையா?

நீங்கள் அனுப்பியது போன்ற பெட்டி, பெரும்பாலும் காசநோய்ச் சிகிச்சைக்குரிய காற்றேற்றும் கருவி. ஒரு போத்தலிலிருந்து மற்றதற்கு நீர் இறங்கும்போது, அங்கிருந்த காற்று அளவோடு தள்ளப்பட்டு, ஊசி வழியே நோயாளியின் நெஞ்சுச் சுவருக்கும் நுரையீரலுக்கும் இடையே செல்லும். நுரையீரல் சுருங்கி ஓய்வுபெறும். புண் ஆற வாய்ப்பு கிடைக்கும் என்பது அன்றைய எண்ணம். காற்றை உடல் மெல்ல உறிஞ்சிவிடும் என்பதால், நோயாளி குறித்த இடைவெளியில் மறுபடி மறுபடி வந்து காற்றேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அளவுகோலோடு உள்ள வளைந்த குழாய் நெஞ்சுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்டும். ஊசி சரியான இடத்தில் நிற்கிறதா என்பதை மருத்துவர் அதில் ஏறி இறங்கும் நீரைப் பார்த்தே அறிவார்.

1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டு, 1952இல் ஐசோநயசிட் மருந்தும் வந்த பின்னர் இந்த முறை கைவிடப்பட்டது. மாத்திரை வந்ததும் பெட்டியைக் களஞ்சியத்தில் வைத்து மூடிவிட்டார்கள். ஆகவேதான் பல பெட்டிகள் உடையாமல் கிடைக்கின்றன.

ஆள் படுக்கக்கூடிய அளவுக்குப் பெரிய இரும்பு உருளை. இரும்பு நுரையீரல்தானே?

இரும்பு நுரையீரல் என்பது, தானாக மூச்சுவிட முடியாத நோயாளியை உள்ளே கிடத்தி மூச்சுவிடச் செய்யும் இயந்திரம். படம் அனுப்பும் எல்லோரும் இதுவும் அதுதான் என்று நம்ப விரும்புகிறார்கள். ஆனால் அநேகமாக அது நீராவிக் கிருமிநீக்கி. கதவில் ஆரங்களோடு கூடிய சில்லு, அழுத்தமானி, பாதுகாப்பு வால்வு, இரட்டைச் சுவர் ஆகியவை இருந்தால் ஐயமே வேண்டாம். துறைமுகங்களிலும் பெரிய வைத்தியசாலைகளிலும் மெத்தை, போர்வைகளைச் சுத்திகரிக்க, சுவரில் பதித்த பெரிய உருளைகளும் இருந்தன. அழுக்கானவற்றை ஓர் அறையிலிருந்து உள்ளே வைத்து, சுத்தமானவற்றை மறுபக்கத்து அறையில் எடுப்பார்கள். இரு முனையிலும் கதவு இருப்பது அதற்காகவே.

இரும்பு நுரையீரலில் நோயாளியின் தலை வெளியே இருக்கும். ஆகவே ஒரு முனையில் கழுத்தைச் சுற்றி இறுகும் இறப்பர் வளையத்துக்கான துளையும், பக்கவாட்டில் தாதி கையை விட்டுப் பணிசெய்யும் துளைகளும், காற்றை இழுத்துவிடும் துருத்தியும் இருக்க வேண்டும். 1928இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பிலிப் டிரிங்கரும் லூயிஸ் ஷோவும் உருவாக்கியது உலோகத்தாலானது. அவுஸ்திரேலியாவின் எட்வர்ட் போத் ஒட்டுப்பலகையில் மலிவாகச் செய்து காட்ட, நஃபீல்ட் பிரபு தம் மோட்டார்த் தொழிற்சாலையில் அவற்றைச் செய்வித்துப் பிரித்தானியப் பேரரசின் வைத்தியசாலைகளுக்கு இலவசமாக அனுப்பினார். எனவே, நீங்கள் காண்பது ஒரு பலகைப் பெட்டியாக இருந்து, ஒரு முனையில் கழுத்துத் துளையும் இருந்தால், உடனே எனக்குச் சொல்லுங்கள். அது அரிய பொருள்.

மின்சாரப் பெட்டி, கையில் பிடிக்க இரண்டு பித்தளைக் குழல்கள். சித்திரவதைக்குப் பயன்படுத்தியதா?

இந்தக் கேள்வியை மற்றெல்லாவற்றையும் விடக் கவனமாக அணுக வேண்டும். நம் மண்ணில் சித்திரவதை என்ற சொல்லுக்குப் பின்னால் உண்மையான மனிதர்கள் இருக்கிறார்கள். ஆதாரமின்றி ஒரு கருவியின் மேல் அந்தச் சொல்லை ஒட்டுவது, பாதிக்கப்பட்டவர்களுக்கும் நியாயம் அல்ல, வைத்தியம் செய்தவர்களுக்கும் நியாயம் அல்ல.

பித்தளைக் குழல்களும் கம்பிச் சுருளும் உள்ள பெட்டி, செயலிழந்த தசைகளுக்கு மெல்லிய மின்துடிப்புக் கொடுத்து அசைவூட்டும் கருவி. பெரிய பெட்டியில் தடித்த கம்பியும் அகன்ற தகடுகளும் இருந்தால், உடலின் ஆழத்தில் வெப்பமூட்டும் இயந்திரமாகவோ, சத்திரசிகிச்சையில் இரத்தக்கசிவை நிறுத்தும் இயந்திரமாகவோ இருக்கலாம். காதில் மாட்டும் கருவி போன்ற இரு முனைகளோடு சிறு பெட்டி இருந்தால், அது மனநோய்க்கான மின்வலிப்புச் சிகிச்சைக்குரியது. 1938இல் ரோம் நகரில் செர்லெட்டியும் பினியும் தொடங்கிய அந்தச் சிகிச்சை, மயக்கமருந்து கொடுத்துத் தரப்படும் முறையில் இன்றும் கடுமையான மனச்சோர்வுக்குப் பயன்படுகிறது. ஆரம்ப காலத்தில் மயக்கமின்றியே தரப்பட்டது என்பதும் உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. இதே ஐயத்தோடு பலர் காட்டும், கட்டிலின் இருபுறமும் நிற்கும் கம்பங்களில் தொங்கும் தோல்வார்கள், பிரசவத்தின்போதும் பெண்ணோயியல் சத்திரசிகிச்சையின்போதும் கால்களைத் தாங்குவதற்கானவை.

சில்லு வைத்த வண்டி, மேலே கண்ணாடிப் போத்தல், பக்கத்தில் வாயு உருளைகள். இது என்ன?

மயக்கமருந்து இயந்திரம். 1917இல் ஹென்றி பொயில் என்ற ஆங்கில மருத்துவர் வடிவமைத்ததன் வழிவந்தது. பொயில் இயந்திரம் என்றே நாங்கள் சொல்வோம். ஒட்சிசனும் நைதரசன் ஒட்சைட்டு வாயுவும் போத்தலிலுள்ள ஈதர் என்ற மயக்கத் திரவத்தின் ஊடாகச் சென்று நோயாளியை அடையும். பழைய பிரித்தானிய முறையில் ஒட்சிசன் உருளை கறுப்பு, அதன் தோள் வெள்ளை. நைதரசன் ஒட்சைட்டு உருளை நீலம். நிறம் உரிந்திருந்தாலும் வால்வின் அடியில் சிறிது மிஞ்சியிருக்கும். உருளைகளில் இன்னும் அழுத்தம் இருக்கலாம் என்பதால் திருகிப் பார்க்க வேண்டாம். ஈதர் ஆவி சிறு மின்பொறியிலும் வெடிக்கும். அதனால் சில்லுகளும் குழாய்களும் மின்னைக் கடத்தும் கறுப்பு இறப்பரில் செய்யப்பட்டன.

நீர் நிரப்பும் அறையோடு கனமான வட்டக் கலம் ஒன்று தனியே கிடந்தால், அது 1950களில் ஒக்ஸ்ஃபோர்டில் உருவான ஈதர் ஆவியாக்கியாக இருக்கலாம். வாயு உருளையோ மின்சாரமோ இல்லாமல், நோயாளி இழுக்கும் மூச்சுக்காற்றிலேயே இயங்கும். பாதை துண்டிக்கப்பட்டு உருளைகள் வராத இடங்களில் அதன் அருமை தெரியும். நான் மிகவும் மதிக்கும் கருவிகளுள் அதுவும் ஒன்று.

ஒரு பொருள் எவ்வளவு பழையது என்று மதிப்பிட முடியுமா?

ஓரளவுக்கு முடியும். பிடி யானைத் தந்தத்திலோ கருங்காலி மரத்திலோ இருந்தால், கருவிகளை வெப்பத்தால் கிருமிநீக்கும் வழக்கம் பரவுவதற்கு முந்திய வடிவம். முழுவதும் உலோகமாக இருந்து நிக்கல் பூச்சு உரிந்திருந்தால் அதன் பிந்திய காலம். கறுப்பு அல்லது பழுப்பு பேக்கலைட் (ஆரம்பகாலப் பிளாஸ்டிக்) குமிழிகள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைக் காட்டும். நம் கடற்காற்று இதில் உதவுகிறது: பூச்சு உரிந்த பித்தளை பச்சை பிடிக்கும், உருக்கு கறள் பிடிக்கும், துருவேறா உருக்கு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால் கருவியின் வயதும் அது கைவிடப்பட்ட காலமும் வேறு வேறு. நல்ல கருவியை எங்கள் ஆஸ்பத்திரிகள் பல பதிற்றாண்டுகள் பயன்படுத்தின.

எக்ஸ்ரே இயந்திரம் இன்னும் கதிர்வீச்சை வெளியிடுமா?

சாதாரண எக்ஸ்ரே இயந்திரம் உயர் மின்னழுத்தம் கொடுத்தால் மட்டுமே கதிர்களை உண்டாக்கும். மின்சாரம் இல்லையென்றால் கதிரும் இல்லை. உலோகத்தில் எதுவும் தங்கியிருக்காது. ஆபத்து வேறு இடத்தில் உள்ளது. பழைய மின்மாற்றிகளின் எண்ணெயில் நச்சுப்பொருள் இருக்கலாம், காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய் உடைந்து சிதறலாம், சில வகைகளில் மின்தேக்கிகளும் உண்டு. கழற்ற வேண்டாம்.

புற்றுநோய்க்கான கதிரியக்கச் சிகிச்சைப் பொருட்கள் முற்றிலும் வேறு. அவற்றுக்கு மின்சாரம் தேவையில்லை. கோபால்ட் 60 பாதியாகக் குறைய ஏறத்தாழ 5.3 ஆண்டுகள், சீசியம் 137க்கு 30 ஆண்டுகள், ரேடியத்துக்கு 1600 ஆண்டுகள். 1987 செப்டம்பரில் பிரேசில் நாட்டின் கொயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சை நிலையத்திலிருந்து இருவர் ஓர் இயந்திரத்தின் தலைப்பகுதியைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே இருந்த சீசியத் தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததால், கடைக்காரர் அதை உறவினருக்கும் நண்பர்களுக்கும் பகிர்ந்தார். 249 பேரிடம் கதிரியக்க மாசு கண்டறியப்பட்டது. ஆறு வயதுச் சிறுமி உட்பட நான்கு பேர் இறந்தார்கள். நம் பகுதியின் சிறிய வைத்தியசாலைகளில் அத்தகைய இயந்திரத்தைக் காண வாய்ப்பு மிகக் குறைவு. எனினும், மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ்க் குறியையோ, அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயப் பெட்டியையோ கண்டால், தொடாமல் வெளியேறி, பொலிஸாருக்கு 119 இலக்கத்தில் அறிவியுங்கள். இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவை இதற்குப் பொறுப்பானது.

குருதி அமுக்கம் பார்க்கும் பெட்டி உடைந்து வெள்ளி மணிகள் உருண்டன. பிள்ளைகள் எடுத்து விளையாடலாமா?

கூடாது. அது பாதரசம். சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். நம் ஊர் வெயிலில் மூடிய அறையில் இன்னும் விரைவாக. அந்த ஆவி நரம்பு மண்டலத்தைத் தாக்கும். விளக்குமாற்றால் கூட்டினால் மணிகள் நுணுகிப் பரவும். பிள்ளைகளை வெளியேற்றி, யன்னல்களைத் திறந்துவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள்.

மருந்துப் போத்தல்களைத் திறந்து மணந்து பார்த்தால் என்ன?

திறக்கவே வேண்டாம். பழைய ஈதர் போத்தலின் மூடியைச் சுற்றிப் படிகம் கட்டியிருந்தால், திருகும் உராய்விலேயே வெடிக்கக்கூடும். தீக்காயத்துக்கும் சிறுநீர்ச் சோதனைக்கும் பயன்பட்ட மஞ்சள் நிறப் பிக்ரிக் அமிலம் உலர்ந்துவிட்டால் அதுவும் வெடிபொருளே. பெயர்ச்சீட்டைப் படமெடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பார்க்கப் புதிதாக இருக்கிறது, உறைகூடப் பிரிக்கவில்லை. ஏன் பயன்படுத்தாமல் விட்டார்கள்?

ஆழிப்பேரலைக்குப் பின் வந்த நன்கொடைகளில் இப்படிச் சில உண்டு. இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. மாற்றி இல்லாமல் இணைத்தால் இயந்திரம் எரிந்துபோகும். செருகி பொருந்தாதது, கையேடு நமக்குத் தெரியாத மொழியில் இருந்தது, குறித்த வகைக் குழாயும் வடிகட்டியும் இங்கே கிடைக்காதது ஆகியனவும் காரணங்கள். அனுப்பியவர்களின் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் என்ன வேண்டும் என்று முதலில் இங்குள்ளவர்களிடம் கேட்டிருந்தால், அந்தப் பணம் நோயாளிகளுக்கு உதவியிருக்கும். ஆகவே, பயன்பாடு தெரியாத ஒரு நவீனப் பெட்டியைக் கண்டால், முதலில் பின்புறத் தகட்டில் உள்ள வோல்ட் அளவைப் படியுங்கள்.

கேட்பாரற்றுக் கிடக்கிறதே, நினைவுக்கு ஒன்றை எடுத்து வரலாமா?

எடுத்து வரக் கூடாது. அரச வைத்தியசாலையின் பொருள் முறைப்படி கழிக்கப்படும் வரை அரச சொத்தே. 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் பொதுச் சொத்துக்கெதிரான குற்றங்களைக் கடுமையாகத் தண்டிக்கிறது. கடற்படையின் பொறுப்பிலுள்ள கட்டடங்களுக்குள் அனுமதியின்றிச் செல்லவோ படமெடுக்கவோ கூடாது. போர் நடந்த பகுதிகளில் வெடிக்காத பொருட்களின் ஆபத்தும் உண்டு. அனுமதி பெற்றுச் சென்றாலும், நோயாளர் பதிவேடுகள் கிடைத்தால் பெயர்களைப் படமெடுத்துப் பகிராதீர்கள். அவர்களின் பிள்ளைகள் இன்றும் நம் ஊர்களில் வாழ்கிறார்கள்.

ஐயா, நீங்களும் சொல்ல முடியாத பொருள் என்றால் யாரிடம் கேட்பது?

இளைப்பாறிய தாதியரிடமும் சிற்றூழியர்களிடமும் கேளுங்கள். மருத்துவர்களை விட அவர்களுக்கே கூடுதலாகத் தெரியும். கருவியைக் கழுவியதும் தூக்கியதும் பூட்டியதும் அவர்களே. "இது என்ன?" என்று பெயர் கேட்பதை விட, "இதை எங்கே வைப்பீர்கள், யார் கேட்டால் எடுத்துக் கொடுப்பீர்கள்?" என்று கேட்டால் நினைவு விரைவில் வரும்.

எடுத்துக்காட்டாக, மேற்புறம் வட்டக் குழி தோண்டிய தடித்த மரக்கட்டைகள் பல விடுதிகளில் சோடி சோடியாகக் கிடக்கின்றன. எந்த நூலிலும் படம் தேட வேண்டியதில்லை. விடுதியில் வேலை செய்த எந்தச் சிற்றூழியரும் பார்த்தவுடன் சொல்வார்: அதிர்ச்சியில் இருக்கும் நோயாளிக்கும், கால் எலும்பு முறிந்து எடை கட்டித் தொங்கவிட்டவருக்கும் கட்டிலின் கால்மாட்டை உயர்த்த வைக்கும் கட்டைகள். குழியின் அகலத்தை அருகில் கிடக்கும் இரும்புக் கட்டிலின் காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால் விடை உறுதி.